மாசிச் சருகும் ஐப்பசி மழையும்

எங்க வீட்டு மொட்டை மாடியில இன்னைக்குத் தேதிக்கு 38 மூட்டை சருகு இருக்கு. காஞ்ச இலைதான், வேற ஒண்ணும் இல்ல. சிமென்ட் சாக்கு, அரிசிச் சாக்கு, எதிர்வீட்டுக் கல்யாணத்துல மிச்சமான சர்க்கரைக் கோணி ரெண்டு, எல்லாத்துலயும் அமுக்கி அமுக்கி நிரப்பி, வாயைக் கட்டி, தண்ணி டேங்குக்கு அடியில நிழல்ல அடுக்கி, மேல ஒரு பழைய பேனரைப் போட்டு மூடி வச்சிருக்கோம் (பேனர்ல யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, முகம் தெரியாத மாதிரி திருப்பிப் போட்டாச்சு). வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் ஒரு தடவ மேல போய் பாத்துட்டு இறங்கி வந்து என் வீட்டுக்காரர்கிட்ட ரகசியமா ஏதோ கேக்குறாங்க, அவரும் ரகசியமா ஏதோ பதில் சொல்றாரு. என்னன்னு நான் கேட்டுக்கல.

நாங்க இருக்கறது சென்னைக்கு வெளிய, ஒரு ஏரிக்குப் பக்கத்துல. எந்த ஏரி, எந்த நகராட்சின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா கீழ நான் கொஞ்சம் குறை சொல்லுவேன், அந்த ஆபீஸ்ல இருக்கறவங்க முகத்துல நாளைக்கும் நான் முழிக்கணும். தெருவுல 44 வீடு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு அயர்ன் வண்டி, ஒரு நலச்சங்கம். நலச்சங்கம்னா பெருசா நினைச்சுக்காதீங்க, அஞ்சாறு பேர், ஒரு ரசீது புக், ஒரு வாட்ஸ்அப் குரூப், அதுல பாதி குட் மார்னிங். நான் அதுல செயலாளர், யாரும் எடுத்துக்க மாட்டேன்னதால ஆறு வருஷமா நானேதான்.

இந்த ஆறு வருஷத்துல எனக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. எங்க ஊருக்கு எல்லா சேவையும் வருது. வடிகால் தூர்வார வர்றாங்க, கொசுமருந்து அடிக்க வர்றாங்க, மரக்கன்று தர்றாங்க, தீபாவளிக் குப்பைக்குத் தனியா ஆள் விடறாங்க, போகிக்கு டயர எரிக்காதீங்க எங்ககிட்ட குடுத்துடுங்கன்னு ஆட்டோவுல மைக் கட்டிட்டு வர்றாங்க. வரலன்னு சொன்னா பொய். வர்ற மாசம்தான் தப்பு. வேலை தேவைப்படுற சீசன்லயே வேலையும் வருது, ஆனா அந்த வேலைய அதுக்கு முந்தின சீசன்லயே முடிச்சிருக்கணும்.

சருகையே எடுத்துக்கோங்க. ஸ்கூல் புக்ல இலையுதிர் காலம்னு ஒரு படம் போட்டிருப்பாங்க, செக்கச்செவேல்னு மரம், ஸ்வெட்டர் போட்ட பிள்ளைங்க, குளிர் வரப்போகுதுன்னு. நம்ம ஊர்ல இலை கொட்டறது வெயில் வரப்போகுதுன்னுதான். மாசி பொறந்து ஒரு வாரத்துல எங்க தெரு புங்க மரம் எல்லாம் பேசி வச்ச மாதிரி ஒண்ணாக் கொட்டும், பின்னாடியே வேம்பு, கோயில் பக்கத்து அரசு. பெருக்குற அக்கா காலையில ஆறு மணிக்குக் கூட்டி முடிச்சு நிமிர்ந்தா ஏழு மணிக்கு மறுபடி தெரு ஃபுல்லா இலை. முன்னெல்லாம் ஓரமா குவிச்சு தீக்குச்சி கிழிச்சுடுவாங்க. கேட்டா, "வண்டில ஏத்தினா வெயிட்டே காட்ட மாட்டேங்குது, இடத்த அடைச்சுக்குது, மேஸ்திரி திட்டுறாரும்மா"ன்னுவாங்க. நியாயம்தானே, பேட்டரி வண்டியில இருக்கறதே நாலு டப்பா, அதுல ரெண்டு டப்பா இலைக்குப் போனா நம்ம வீட்டுக் குப்பைய எங்க கொட்றது.

அந்த இலை எங்களுக்குத் தேவைப்பட்டது ஐப்பசியில.

எங்க தெருக் கோடியில ஒரு காலி இடத்துல நகராட்சி ஒரு உரக் கொட்டகை கட்டிக் குடுத்துச்சு. எட்டுத் தொட்டி, மேல தகரக் கூரை, இலை அரைக்க ஒரு மெஷின். 2016ல வந்த திடக்கழிவு விதிப்படி வீட்டுலயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பைன்னு அப்ப மூணாப் பிரிச்சுத் தரணும், மக்குறத முடிஞ்ச வரைக்கும் பக்கத்துலயே உரமாக்கணும்னு இருந்துச்சு, அதுக்காகக் கட்டினது. திறப்பு விழா ஜோரா நடந்துச்சு. மெஷினுக்கு கரன்ட் கனெக்‌ஷன் வர அஞ்சு மாசம் ஆச்சு, அது வேற கதை, விடுங்க. ஆரம்பிச்சது நல்ல வெயில் காலம், எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு, சமையக்கட்டுக் குப்பைய ஒரு அடுக்கு போட்டு மேல புளிச்ச மோரைத் தெளிச்சு விட்டா ரெண்டு மாசத்துல கறுப்பா பொலபொலன்னு மண் மாதிரி வந்துச்சு. எல்லாரும் ஒரு பை எடுத்துட்டுப் போய் துளசிக்குப் போட்டாங்க. அப்புறம் மழை வந்துச்சு.

மழை காலத்துல சமையக்கட்டுக் குப்பைன்னா என்னன்னு தொட்டிக்குள்ள கைவிட்டவங்களுக்குத்தான் தெரியும். தகரக் கூரை இருந்தும் சாரல் அடிச்சு, காத்து ஈரமா இருக்கறதால எதுவும் காயாம, எல்லாம் கூழாகி, அடியில காத்தே போகாம புளிச்சு, அந்த நாத்தம் இருக்கே, பக்கத்து அபார்ட்மென்ட் ஆளுங்க மூக்கைப் பொத்திட்டு வந்து நின்னாங்க. புழு வேற, தடி தடியா, கறுப்பு ஈயோட புழு. அது கெடுதல் இல்ல, குப்பைய வேகமாத் தின்னுடும், ஆனா அத ஒரு அபார்ட்மென்ட் செக்ரட்டரிகிட்ட வெளக்க முடியாது. கடைசியில தொட்டியப் பூட்டிட்டோம். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் பூட்டுதான்.

மேல் மாடி வீட்டு சார் ஒருத்தர் இருக்காரு, விவசாயத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவரு, கூட்டத்துல வாயே திறக்க மாட்டாரு. அவருதான் ஒரு நாள் பூட்டின கொட்டகைக்கு வெளிய நின்னு சொன்னாரு, "இது குழம்பு மட்டும் ஊத்தி சோறு போடாத இலை மாதிரிம்மா." அதாவது காய்கறிக் கழிவுல தண்ணியும் நைட்ரஜனும்தான் ஜாஸ்தி, கார்பன் கம்மி, அத ஈடு கட்ட காஞ்ச இலை வேணும், ஒரு பக்கெட் குப்பைக்கு குறைஞ்சது ரெண்டு பக்கெட் சருகு, அப்பத்தான் ஈரத்த உறிஞ்சும், நடுவுல காத்தும் போகும். சரி சார், ஐப்பசியில காஞ்ச இலைக்கு எங்க போறதுன்னு கேட்டேன். அவரு மரத்த அண்ணாந்து பாத்தாரு. "மாசியில எரிச்சீங்கள்ல, அதுதான்."

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த மூட்டை. மாசி பங்குனியில கட்டி வச்சா ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வரும். முதல் வருஷம் 15 மூட்டைதான் சேந்துச்சு, கார்த்திகை பாதியில தீந்து போச்சு, அப்புறம் ஒரு மரக்கடையில போய் இழைப்புளித் தூள் கெஞ்சி வாங்கிட்டு வந்தோம். இப்ப கணக்கு தெரிஞ்சு போச்சு.

இந்தச் சருகு விஷயம் புரிஞ்சதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம் கண்ணுல பட ஆரம்பிச்சுது.

வடிகால். 2015 டிசம்பர் 1 ராத்திரி எங்க தெருவுல யாரும் தூங்கல. தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 செ.மீ. மழைன்னு அப்புறமாத்தான் படிச்சோம், அப்ப தெரிஞ்சதெல்லாம் கேட்டுக்கு வெளிய இருந்த தண்ணி ஹாலுக்கு வந்துச்சு, கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து பூஜை ரூம் கதவ இடிச்சுச்சு, அவ்ளோதான். தண்ணி வடிஞ்சதும் தெருப் பசங்க சேந்து வடிகால் ஸ்லாப் ரெண்டத் தூக்கிப் பாத்தாங்க. அந்த வருஷம் அக்டோபர்லதான் தூர்வாரி இருந்தாங்க, நாங்க கண்ணால பாத்தோம், காபி கூட போட்டுக் குடுத்தோம். ஆனா உள்ள முக்கால்வாசி மண்ணு. எப்படின்னு யோசிச்சா, எடுத்த சேத்த வடிகால் ஓரத்துலயே குவிச்சு வச்சிருந்தாங்கள்ல, அத அள்ளிட்டுப் போற லாரி வர்றதுக்குள்ள மழை வந்து, போட்டதெல்லாம் வந்த வழியே உள்ள போயிடுச்சு.

இதுக்கு கான்ட்ராக்ட் ஆளுங்களத் திட்டறதுல அர்த்தம் இல்லன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அடுத்தடுத்த வருஷம் ஒரு தம்பிகிட்ட கேட்டேன், ஏம்பா எடுத்ததும் ஏத்திட்டுப் போக மாட்டீங்களா. "ஈரச் சேத்த ஏத்தினா ரோடு ஃபுல்லா ஒழுகிட்டே போகும்க்கா, வண்டி பின்னாடி பைக்ல வர்றவன் வழுக்கி விழுவான், அப்புறம் எங்களத்தான் அடிப்பான். நாலு நாள் காயணும்." நாலு நாள் காயணும்னா நாலு நாள் வெயில் வேணும். சென்னைப் பக்கம் வருஷத்துக்கு சுமார் 1,400 மி.மீ. மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். அக்டோபர்ல ஆரம்பிச்சா அந்த நாலு நாள் எங்க கிடைக்கும்?

அதனால நாங்க ஆடியில போக ஆரம்பிச்சோம். நகராட்சி உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஆபீஸுக்கு முதல் தடவ ஜூலை மாசம் மனு எடுத்துட்டுப் போனப்ப அங்க இருந்தவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. வெளிய மண்டைய பொளக்குற வெயில், நான் போய் மழைத்தண்ணி வடிகால் தூர்வாருங்கன்னு நிக்கறேன். "இன்னும் டெண்டரே போகலம்மா, செப்டம்பர்ல வாங்க." சரி, டெண்டர் எப்ப போகும்? எஸ்டிமேட் போட்டு மேல அனுமதி வந்ததும். எஸ்டிமேட் எப்ப போடுவீங்க? அதுக்கு அவரு பதில் சொல்லல, ஆனா வெளிய ஜெராக்ஸ் கடையில இருந்த பெரியவர் சொன்னாரு, இதெல்லாம் ஏப்ரல்லயே சொல்லணும்மா, புது வருஷக் கணக்கு தொறக்கறப்பவே உள்ள நுழையணும்னு. ஆக மழைத்தண்ணி வடிகாலுக்கு மனு குடுக்க வேண்டிய மாசம் சித்திரை. ஊரே தண்ணி லாரி வரலன்னு மனு குடுக்கற மாசம்.

இப்ப ஒவ்வொரு சித்திரையும் மனு போட்டு, ரசீது வாங்கி, ஆடியில ஞாபகப்படுத்தி, ஆவணி கடைசிக்குள்ள வேலைய முடிக்க வைக்கறோம். எல்லா வருஷமும் நடக்குதான்னா இல்ல, மூணு வருஷத்துல ரெண்டு வருஷம் நடக்குது. மிச்சாங் புயல் வந்தப்போ, 2023 டிசம்பர், நாங்க சரியான நேரத்துல தூர்வாரின வருஷம் அது, அப்பவும் தெருவுல முழங்கால் தண்ணி நின்னுச்சு, பொய் சொல்ல மாட்டேன், ஏரி நிரம்பினா தண்ணி வழியற கலங்கல்ல இருந்து போற வாய்க்காலே நிரம்பிடுச்சுன்னா எங்க வடிகால் எங்க கொண்டு போய் ஊத்தும். ஆனா ரெண்டு நாள்ல வடிஞ்சுது. பக்கத்து நகர்ல ஆறு நாள்.

(இந்த இடத்துல ஒரு விஷயம். சொத்து வரிய அரையாண்டு ஆரம்பிச்சு 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை தர்றாங்க. ஏப்ரல் மாசம் மைக் கட்டிட்டு வந்து சொல்றாங்க, முன்கூட்டியே கட்டுங்க முன்கூட்டியே கட்டுங்கன்னு. முன்கூட்டியேங்கற வார்த்தை அந்த ஆபீஸுக்குத் தெரியாமல் இல்ல.)

மரக்கன்று. இத நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வரும், என் மேலயும் சேத்துத்தான். வர்தா புயல் 2016 டிசம்பர் 12, எங்க தெருவுல மட்டும் ஒன்பது மரம் சாஞ்சுது, குல்மொஹரும் மஞ்சள் கொன்றையும்தான் ஜாஸ்தி, வேரச் சுத்தி சிமென்ட் போட்டு மூச்சு முட்ட வச்சிருந்த மரங்க. சரி நட்டுடுவோம்னு அடுத்த வருஷம் ஜூன் 5, உலக சுற்றுச்சூழல் தினம், நகராட்சியில இருந்து 60 கன்று குடுத்தாங்க, பந்தல் போட்டு, தலைவர்கள் வந்து, ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா நின்னு, ஒவ்வொரு குழிக்கும் ஒரு போட்டோ. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆயிருந்துச்சு. ஆகஸ்ட் 15க்கு கொடி ஏத்தறப்ப எண்ணிப் பாத்தேன், உயிரோட இருந்தது 11. அதுவும் வீட்டு வாசல்ல இருந்தது மட்டும், வீட்டுக்காரங்க அரிசி கழுவின தண்ணிய ஊத்தினதால.

ஜூன் அஞ்சு உலகத்துக்கு சரியா இருக்கலாம். கேரளாவுக்கு ரொம்ப சரி, அந்த வாரத்துலதான் அவங்களுக்கு மழை தொடங்கும். நமக்கு ஜூன்னா அனல் காத்து. நமக்கு மழை ஐப்பசியில வரும், அதனால நடறத புரட்டாசியில நடணும், முதல் மூணு மாசம் வானமே தண்ணி ஊத்திக்கும், அடுத்த சித்திரை வர்றதுக்குள்ள வேர் இறங்கிடும். இது ஒண்ணும் பெரிய ஆராய்ச்சி இல்ல, ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஆனா புரட்டாசியில பந்தல் போட ஒரு தினம் இல்ல பாருங்க. அதுக்கு அப்புறம் ஜூன்ல கன்று குடுத்தாங்கன்னா வாங்கிப்போம், வேண்டாம்னு சொல்ல மாட்டோம், போட்டோவுக்கு நாலு நட்டுட்டு மிச்சத்த பிள்ளையார் கோயில் பின்னாடி நிழல்ல பெரிய பையில மாத்தி வச்சு வளத்து, புரட்டாசி கடைசி ஞாயித்துக்கிழமை நடறோம். புங்கன், பூவரசு, மகிழம், நாவல். குழி தோண்டறத மட்டும் ஆவணியிலயே பண்ணிட்டு அதுல நம்ம உரத்தப் போட்டு ஆற விடுவோம். 2021ல நட்ட 22ல 17 நிக்குது, ஒண்ண மாடு தின்னுச்சு, ரெண்ட கார் பார்க்கிங் தின்னுச்சு, மிச்சம் ரெண்டும் ஏன் போச்சுன்னு தெரியல.

கொசுவுக்கும் இதே கதைதான், சுருக்கமாச் சொல்லிடறேன். டெங்கு செய்தி பேப்பர்ல வந்ததும் புகை வண்டி வரும், தெருவே மேகமாகும், பிள்ளைங்க பின்னாடியே ஓடும். ஆனா வேலைய உண்மையாப் பண்றது அந்தப் புகை இல்ல, வீட்டுக்குள்ள கொசு வளருதான்னு பாக்க வீடு வீடா வர்ற டி.பி.சி. பொண்ணுங்க. கையில டார்ச், தோள்ல ஒரு பை, உள்ள வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற தட்டைக் காட்டுங்கம்பாங்க. உங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதுல புழு நெளிஞ்சுது, அவமானமாப் போச்சு. முட்டையில இருந்து கொசு ஆக வெயில் காலத்துல ஏழு பத்து நாள் போதும், அதனால வாரம் ஒரு தடவ கொட்டினாப் போதும்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு சொன்ன இன்னொண்ணுதான் முக்கியம், தண்ணிய கொட்டிட்டா மட்டும் பத்தாது, பாத்திரத்தோட உள்பக்கத்த பிரஷ் போட்டுத் தேய்க்கணும், முட்டை காஞ்சு போய் மாசக்கணக்குல ஒட்டிட்டு உயிரோட இருக்கும், அடுத்த மழைத்தண்ணி பட்டதும் பொரியும்னு. அதாவது கார்த்திகை டெங்குவோட முட்டை வைகாசி வெயில்ல நம்ம மாடி பக்கெட்டுல காஞ்சுக்கிட்டு இருக்கலாம். அதனால எங்க தெருவுல தேய்க்கற ஞாயித்துக்கிழமை ஆவணியில ஒண்ணு வச்சிருக்கோம், டேங்க், பக்கெட், பூந்தொட்டித் தட்டு, கோயில் உண்டியலுக்குப் பக்கத்துல இருக்கற அந்த உடைஞ்ச உரல் எல்லாத்தையும்.

அன்னைக்கே மழைநீர் சேகரிப்பையும் முடிச்சுடுவோம். 2003ல சட்டம் வந்து எல்லா வீட்டுலயும் கட்டாயமாச்சு, எல்லா வீட்டுலயும் குழாய் இருக்கு, பாதி வீட்டுல அந்தக் குழாய் பூமிக்கு மேல ஒரு அடியிலயே நின்னு போயிருக்கும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில ஒரு செ.மீ. மழை பெஞ்சா 900 லிட்டருக்கு மேல தண்ணி. வருஷம் முழுக்கப் பாத்தா 1,30,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில பத்து லாரிக்கு மேல. 2019 ஜூன்ல நாங்க லாரிக்கு புக் பண்ணிட்டு இருபது நாள் காத்திருந்தோம், ஜூலைல ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்லயே தண்ணி வந்துச்சு, ஞாபகம் இருக்கும். அந்த வருஷம்தான் தெருவுல எல்லாரும் சேகரிப்புக் குழியில இருக்கற ஜல்லியக் கழுவினாங்க. அதுக்கு முன்னாடி வருஷம் நான் கேட்டப்ப "பாத்துக்கலாம் மேடம்"னவங்க.

ஆடிக் கூழ் பத்திச் சொல்லாம விட்டா எங்க அம்மன் கோச்சுக்கும். அடுத்த தெருவுல ஆடி மூணாவது ஞாயிறு கூழ் ஊத்துவாங்க, ஆயிரம் பேருக்கு மேல வருவாங்க. என் மாமியார் காலத்துல ஆளாளுக்கு வீட்டுல இருந்து தூக்கு, சொம்பு எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வருவாங்களாம். நடுவுல பேப்பர் கப் வந்துச்சு. மறுநாள் காலையில அந்தத் தெருவப் பாக்கணுமே, வெள்ளைவெளேர்னு. 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை பண்ண 14 வகைப் பிளாஸ்டிக்ல இந்த உள்பூச்சு பூசின பேப்பர் கப்பும் உண்டு, நிறைய பேருக்கு அது தெரியாது, பேப்பர்தானேம்பாங்க. நாங்க போய் விழாக்குழுவுல சட்டம் எல்லாம் பேசல. பேசியிருந்தா சண்டைதான். ஆனி மாசமே போய், கப்புக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு பூசாரி அம்மாகிட்ட உக்காந்து பழைய கதையக் கேட்டோம். அவங்களே நோட்டீஸ்ல ஒரு வரி சேத்துட்டாங்க, பக்தர்கள் சொம்பு கொண்டு வரவும்னு. சொம்பு இல்லாதவங்களுக்கு 200 எவர்சில்வர் டம்ளர் ஒரு பாத்திரக்கடையில வாடகைக்கு. 183 திரும்பி வந்துச்சு. அந்த 17 டம்ளர் யார் வீட்டுலன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அத விடுங்க.

தீபாவளியில எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியல. 2018ல உச்ச நீதிமன்றம் ரெண்டு மணி நேரம்னு சொன்னதுல இருந்து இங்க காலையில 6 முதல் 7, சாயந்தரம் 7 முதல் 8ன்னு இருக்கு, நடைமுறை என்னன்னு உங்க காதுக்கே தெரியும். சென்னை மாநகராட்சி பட்டாசுக் குப்பைய தனியா சேத்து கும்மிடிப்பூண்டியில அபாயக் கழிவு கையாளுற இடத்துக்கு அனுப்புது, நல்ல விஷயம், எங்க பக்கம் அது கலந்துதான் போகுது, தனி மூட்டையா கட்டி வச்சாலும் வண்டியில ஒண்ணாயிடுது. ஆயுத பூஜைக்கு நடுரோட்டுல உடைக்கற பூசணி மட்டும் குறைஞ்சிருக்கு, அதுக்குக் காரணம் நாங்க இல்ல, போன தடவ வழுக்கி விழுந்தது விழாவுக்கு வந்த கவுன்சிலரோட மச்சான்.

போகிக்கு வர்றேன். 2018 போகி அன்னைக்கு புகையும் பனியும் சேந்து சென்னை ஏர்போர்ட்ல ஃப்ளைட்டே இறங்க முடியல, நிறைய விமானத்த வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. எங்க கார்னர் வீட்டுப் பாட்டிக்கு 81 வயசு, அவங்களுக்கு ஆஸ்துமா, ஆனா போகி எரிக்கலன்னா அவங்களுக்கு பொங்கலே இல்ல. டயர் வேணாம் பாட்டின்னோம், சரின்னாங்க. பிளாஸ்டிக் பாய் வேணாம்னோம், சரி. ஒரு துடைப்பமாவது எரிக்கணும்டி, மூதேவி எப்படிப் போவான்னு கேட்டாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. மைக் ஆட்டோ போகிக்கு முந்தின நாள்தான் வரும், அதுக்குள்ள எல்லாரும் பரணைக் காலி பண்ணி வாசல்ல குவிச்சிருப்பாங்க, குவிச்சதுக்கு அப்புறம் எரிக்காதன்னு சொன்னா யார் கேப்பா. அதனால மார்கழி ரெண்டாவது ஞாயிறே நலச்சங்கம் சார்பா ஒரு ஷாமியானா போட்டு, வேண்டாதத கொண்டு வாங்க, வேணுங்கறத எடுத்துட்டுப் போங்கன்னு விட்டோம். முதல் வருஷம் யாரும் எடுக்கல, மத்தவங்க பழசான்னு கூச்சம். ரெண்டாவது வருஷம் ஒரு குழந்தை சைக்கிள் வந்துச்சு, அதுக்கு மூணு பேர் போட்டி, அன்னைல இருந்து கூச்சம் போச்சு. மிச்சமான துணியும் டயரும் நகராட்சி வண்டிக்கு. வாசல்ல எரிக்க ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாதுங்கறதுதான் கணக்கு.

பாட்டிக்கு மட்டும் வருஷா வருஷம் என் மாடியில இருந்து ஒரு மூட்டை சருகு போகுது. ஒரு பழைய தென்னந்துடைப்பத்தோட. விடிய அஞ்சு மணிக்கு பத்து நிமிஷம் எரியும், பேரன் மேளம் அடிப்பான், பாட்டி மூக்குல துண்டு கட்டிட்டு தள்ளி நின்னு பாப்பாங்க. இலைய எரிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் நான் மூட்டை கட்ட ஆரம்பிச்சேன், அந்த மூட்டையவே எரிக்கக் குடுக்கறேன், இது என்ன நியாயம்னு மேல் மாடி சார் கேட்டாரு. நியாயம் இல்லதான் சார். 44 வீட்டுக்கு பதிலா ஒரு வீடு.

இப்படியெல்லாம் எழுதறதால எங்க தெரு என்னமோ சொர்க்கம்னு நினைக்காதீங்க. இன்னும் பதினோரு வீட்டுல குப்பையப் பிரிக்கறதே இல்ல, நாப்கின தினமலர்ல சுத்தாம அப்படியே போடறாங்க, பேட்டரி வண்டி அக்கா அதக் கையால பிரிக்கறாங்க, நகராட்சி கடைசியா கிளவுஸ் குடுத்தது மூணு மாசத்துக்கு முன்னாடி. ஏரியா சபைன்னு 2022ல வந்துச்சு, வார்டுக்குள்ள மக்களே உக்காந்து பேசலாம்னு, நல்ல ஏற்பாடு, எங்க ஏரியா சபையில கிளவுஸ் பத்திப் பேசினேன், குறிப்புல எழுதிக்கிட்டாங்க. அடுத்த கூட்டத்துலயும் பேசினேன், அப்பவும் எழுதிக்கிட்டாங்க. இப்ப நலச்சங்கத்துல நாங்களே வாங்கித் தர்றோம், அது எங்க வேலை இல்லன்னு தெரிஞ்சும்.

நேத்து காலையில அந்த அக்கா மணி அடிச்சுட்டு, "மேடம், இந்த வருஷம் எத்தனை மூட்டை?"ன்னாங்க. 38ன்னேன். ரெண்டு கிடைக்குமான்னு கேட்டாங்க. அவங்க வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், அவங்க தெருவுல மரமே கிடையாது, வீட்டுல ஏழு கோழி, மழை வந்தா கூண்டுக்கு அடியில சேறாயிடுதாம், சருகு பரப்பினா காஞ்சு கிடக்கும்னு சொன்னாங்க. மழைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கேக்கான்னேன். "அப்ப கேட்டா நீங்க தர மாட்டீங்களே"ன்னு சிரிச்சுட்டே வண்டியில ஏத்திக்கிட்டாங்க.

ஆக இப்ப 36. எதிர்வீட்டு வாதா மரம் இன்னைக்குத்தான் சிவக்க ஆரம்பிச்சிருக்கு, அதுல ரெண்டு மூட்டை தேறும்னு நினைக்கறேன், சாக்குதான் இல்ல.